சிங்கப்பூரில் ஏழு நாள்: பழைய கேம் பாயும் கொஞ்சம் வெயிலும்

முதல் நாள்: திருச்சியிலிருந்து

இரவு விமானம். சோதனை வரிசையில் இருந்த பெண் காவலர் என் கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிப் பெட்டியை எடுத்துத் திறந்து பார்த்தார். "இது என்னம்மா?" என்றார். கேம் பாய், கையில் பிடித்து விளையாடும் பழைய வீடியோ கேம் கருவி என்றேன். "இன்னும் ஓடுதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றதும் பத்திரமாக மூடிக் கையில் கொடுத்தார்.

2004 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மாமா வாங்கி வந்தது அது. ஊதா நிற கேம் பாய் அட்வான்ஸ். நான் அப்போது புதுக்கோட்டையில் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். கூடவே அதில் செருகி விளையாடும் இரண்டு கேட்ரிட்ஜ்: போக்கிமான் ரூபி ஒன்று, போக்தாய் ஒன்று. வேலைக்குப் போன பிறகு முதல் சம்பளத்தில் அட்வான்ஸ் வார்ஸ் வாங்கிச் சேர்த்தேன். மாமா இப்போது இல்லை. அவர் இதை வாங்கிய சிம் லிம் ஸ்குவேர் என்ற மின்னணுக் கடை வளாகம் இன்னும் இருக்கிறது. ரூபியின் உள்ளே இருக்கும் பேட்டரி செத்து வருடக்கணக்காகிறது. அதை அங்கேயே கொண்டுபோய் மாற்ற வேண்டும். அக்காவைப் பார்க்கப் போகும் பயணத்தில் எனக்கென்று நான் வைத்துக்கொண்ட வேலை இது ஒன்றுதான்.

இந்தக் கருவியின் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. வெளியிலிருந்து வெளிச்சம் விழுந்து திரும்பினால்தான் படம் தெரியும். விமானத்தில் விளக்கை அணைத்ததும் தலைக்கு மேலே உள்ள சின்ன விளக்கைப் போட்டேன். அதன் வட்டம் மடியில் விழுகிற இடத்துக்கு நான்தான் நகர வேண்டியிருந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு வெளிச்சம் கண்ணில் படாதபடி கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து அட்வான்ஸ் வார்ஸ் போட்டேன்.

எனக்குத் தெரிந்து கையில் வைத்து விளையாடுவதற்காகவே பிறந்த விளையாட்டு என்றால் இதைத்தான் சொல்வேன். கட்டம் போட்ட ஒரு சின்ன வரைபடம். காலாட்படை, டாங்கி, ஹெலிகாப்டர். நீ ஒரு முறை நகர்த்து, அப்புறம் நான் நகர்த்துகிறேன். ஆடுபுலி ஆட்டம் பழகியவர்களுக்கு அரை மணியில் பிடிபட்டுவிடும். நடுவில் தண்ணீர் கொண்டு வருகிறார்களா, கருவியை மடியில் வைத்துவிட்டு வாங்கிக் குடிக்கலாம். எதிரி காத்திருப்பான். போரின் நடுவிலேயே சேவ் செய்து அணைத்துவிடலாம். 2001 செப்டம்பர் 10 அன்று அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு இது. மறுநாள் நடந்தது உலகத்துக்கே தெரியும். போர் விளையாட்டை அந்த நேரத்தில் வெளியிடத் தயங்கி, சொந்த நாடான ஜப்பானில் 2004 வரை இதை விற்கவே இல்லை. அவ்வளவு காலம் காத்திருந்த ஜப்பான் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது.

மூன்றாவது போரில் வென்றபோது கீழே கப்பல்களின் விளக்குகள் தெரிந்தன.

இரண்டாம் நாள்: யீஷூன்

அக்காவின் வீடு யீஷூனில் பதினோராவது மாடி. வீவக வீடுதான், அரசு கட்டிய அடுக்குமாடி. சன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் துணி காய்கிறது. அத்தான் "வாம்மா, மொதல்ல சாப்பிடு" என்றார். ஜூன் மாதப் பள்ளி விடுமுறை என்பதால் அக்கா மகன் நாள் முழுக்க வீட்டில்தான். பதினொரு வயது. "சித்தி, எங்கே அது?" என்பதுதான் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

அவனிடம் இருப்பது நின்டெண்டோ ஸ்விட்ச். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் கருவியின் திரை அகலத்தில் 240 புள்ளி, உயரத்தில் 160. அவனுடையது 1280, 720. அவன் கணக்குப் போட்டான்: என் திரையைப் போல இருபத்து நான்கை அவன் திரைக்குள் அடுக்கலாம். அதைச் சொல்லிவிட்டு, "ஆனா இதோட பட்டன் நல்லா இருக்கு சித்தி" என்றான். எனக்கு மனம் குளிர்ந்தது.

மாலையில் அவனையும் அழைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் கிளம்பினேன். யீஷூனிலிருந்து நகருக்குப் போகும் வடக்கு தெற்குப் பாதை முதலில் தரைக்கு மேலேதான் ஓடுகிறது. காத்திப் தாண்டினால் இயோ சூ காங் வரை இடையில் நிற்காமல் நீளமான ஓட்டம், இரண்டு பக்கமும் பச்சை. சன்னல் வழியே வரும் வெளிச்சத்தில் என் திரை பளிச்சென்று இருந்தது. பீஷான் தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியது, படமும் மங்கியது. நிலையப் பெயரைச் சொல்லும் அறிவிப்புக்கு நடுவே நான் திரையைக் கூரை விளக்குக்குக் காட்டிச் சாய்த்துக்கொண்டே இருந்தேன்.

ஓடும் ரயிலில்தான் கையடக்க விளையாட்டின் கதையே தொடங்குகிறது. நின்டெண்டோ நிறுவனத்தில் வேலை பார்த்த குன்பெய் யோகோய், புல்லட் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்தது 1980 இல் வந்த கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்கக் கருவி. 1989 இல் கேம் பாய். போட்டியாக வந்த அடாரி லிங்க்ஸ், சேகா கேம் கியர் இரண்டுக்கும் வண்ணத் திரை, பின்விளக்கு எல்லாம் இருந்தன. ஆனால் ஆறு பேட்டரி போட்டாலும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சாம்பல் பச்சைத் திரையோடு நான்கு பேட்டரியில் ஓடிய கேம் பாய் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. பழசாகி விலை குறைந்த பொருளைப் புதிய விதத்தில் பயன்படுத்து என்பதுதான் யோகோயின் வழி. சிக்கனமாகக் குடும்பம் நடத்தத் தெரிந்த ஒருவர் செய்த பொருள் அது என்று நான் எப்போதும் நினைப்பேன்.

ரயிலில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். எங்கள் பெட்டியில் ஒன்பது பேர் கைப்பேசியில், ஓர் இளைஞர் மட்டும் ஸ்விட்சில். அவர் விளையாடியது ஸ்டார்டியூ வேலி. எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டுதான், ஒரே ஆள் வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. ஆனால் ரயிலுக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து. அதில் ஒரு நாள் ஓடி முடிய ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும், படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். இறங்கும் இடம் வந்துவிட்டால் பாதி நாளோடு கருவியைத் தூங்க வைக்க வேண்டும். மறுபடி எடுக்கும்போது எந்த வேலைக்காக ஊருக்குள் போனோம் என்பதே மறந்திருக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இளைஞர் கொட்டாவி விட்டபடி டோபி காட் நிலையத்தில் இறங்கிப் போனார். தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றினாரா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள்: சிம் லிம் ஸ்குவேர்

நியூட்டனில் மாறி டவுன்டவுன் பாதையில் ரோச்சோர். நிலையத்திலிருந்து வெளியே வந்தாலே எதிரே நிற்கிறது. 1987 இல் திறந்த கட்டடம். கேமரா, மடிக்கணினி, கேபிள் என்று மாடிக்கு மாடி சின்னச் சின்னக் கடைகள். மாமா எந்த மாடியில் வாங்கினார் என்று சொன்னதில்லை. அதனால் எல்லா மாடியிலும் ஏறி இறங்கினேன். நகரும் படிக்கட்டில் போகும்போது, இருபது வருடத்துக்கு முன்னால் இதே படியில் அவர் கையில் அந்தப் பெட்டி இருந்திருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

முதலில் போன கடையில் கேட்ரிட்ஜைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள் என்றார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மேலே ஒரு மாடியில், இரண்டு பேர் நின்றால் நிரம்பிவிடும் கடையில், பூதக்கண்ணாடியும் சால்டரிங் கோலுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், தமிழர். "அண்ணே, ரூபி பேட்டரி மாத்தணும்" என்றேன். கையை நீட்டி வாங்கினார். சிவப்புக் கண்ணாடி போன்ற உறை, உள்ளே காசு மாதிரி வட்டமாக பேட்டரி தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒரிஜினல்மா" என்றார். அந்தச் சொல்லைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது!

காரணம் இருக்கிறது. சில வருடத்துக்கு முன் இணையத்தில் போக்கிமான் எமரால்டு வாங்கி ஏமாந்தேன். நாற்பது மணி நேரம் விளையாடிய பிறகு ஒரு நாள் சேவ் மொத்தமும் காணாமல் போயிற்று. போலி. அதனால் அண்ணனிடம் உட்கார்ந்து அடையாளம் கேட்டுக்கொண்டேன். உண்மையான கேட்ரிட்ஜின் திருகாணி மூன்று கீற்றுத் தலை உடையது. லேபிளைச் சாய்த்துப் பார்த்தால் அச்சு மேல் இரண்டு இலக்க எண் அழுத்திய தடம் தெரியும். கீழே தங்க நிறப் பற்களுக்குச் சற்று மேலே பலகையில் நின்டெண்டோ என்று பொறித்திருக்கும். மூன்றும் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம் என்றார்.

பேட்டரியை எடுத்தால் சேவ் போய்விடுமோ என்பதுதான் என் பெரிய பயம். 2004 முதல் உள்ள சேவ் அது. அண்ணன் பொறுமையாக விளக்கினார். ரூபிக்கு முந்தைய போக்கிமான் கோல்டு, சில்வர் கேட்ரிட்ஜ்களில் சேவும் கடிகாரமும் ஒரே பேட்டரியில்தான் உயிர் வாழ்கின்றன, பேட்டரி போனால் எல்லாம் போச்சு. ரூபியில் சேவ் தனி நினைவகச் சில்லில் இருக்கிறது. பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். அதனால்தான் என் ரூபியைப் போட்டதும் உள்ளே பேட்டரி தீர்ந்துவிட்டது, விளையாடலாம், ஆனால் நேரத்தோடு நடப்பவை இனி நடக்காது என்று ஓர் அறிவிப்பு வரும். நட்ட செடி காய்க்காது. குகையில் கடல் ஏறி இறங்காது. விளையாட்டுக்குள் ஒரு ஊரே அந்த நாளில் அப்படியே நின்றுவிட்டது.

தகடு வைத்த பேட்டரி கையில் இல்லை, மூன்று நாள் கழித்து வா என்றார். கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது பை லேசாகிவிட்டது போல இருந்தது. தேக்காவில் பிரியாணி சாப்பிட்டேன். முஸ்தஃபா கடையில் நான்கு பேட்டரி வாங்கினேன்.

நான்காம் நாள்: மழை

விடிவதற்கு முன்பே இடி. சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்றுமழை இந்த மாதங்களில் இப்படித்தான் திடீரென்று வந்து அடித்துவிட்டுப் போகும் என்றார் அத்தான். இன்று போகவில்லை. நாள் முழுக்கத் தூறல்.

காலையில் நானும் அக்கா மகனும் மரியோ கார்ட் 8. ஸ்விட்சை மேசையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் உள்ள கைப்பிடியைக் கழற்றினால் ஆளுக்கு ஒன்று. பெட்டியிலிருந்து எடுத்ததுமே இரண்டு பேர் விளையாடலாம். இதுவரை வந்த கையடக்கக் கருவிகளில் இதைவிடப் பெரிய மனசு எதற்கும் இருந்ததில்லை. என் காலத்தில் இரண்டு பேர் சேர்ந்து விளையாட இரண்டு கருவி வேண்டும், நடுவில் ஒரு கேபிள் வேண்டும், பெரும்பாலும் ஆளுக்கொரு கேட்ரிட்ஜும் வேண்டும். புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்து இன்னொரு கேம் பாய் கிடையாது.

அக்கா மகனுக்குப் பிடித்தது ஜெல்டா, 2017 இல் ஸ்விட்சோடு வந்த பிரெத் ஆஃப் த வைல்டு. அழகு, பரப்பு இரண்டிலும் அதற்கு ஈடு இல்லை. ஆனால் அதைக் கையில் வைத்து விளையாடினால் மலையும் புல்வெளியும் சின்னதாகிவிடுகின்றன, எழுத்தைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. அது தொலைக்காட்சிக்கு என்று வளர்ந்த பிள்ளை. "டிவியில போட்டா அம்மா சீரியல் பாப்பாங்களே சித்தி" என்றான். அதுவும் நியாயம்தான்.

மதியம் நடந்ததைத்தான் எழுத வேண்டும். அக்கா மகன் கருவியில் எதையோ தேடும்போது அனிமல் கிராசிங் கண்ணில் பட்டது. "இது யாருது?" என்றேன். "அம்மாவோடது" என்றான். என் அக்கா வாழ்க்கையில் ஒரு வீடியோ கேம் தொட்டு நான் பார்த்ததில்லை.

அடுப்படியிலிருந்து வந்து அவளே சொன்னாள். 2020 மார்ச் 20 அன்று வந்த விளையாட்டு அது. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை இங்கே சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா ஊரடங்கு, அவசியம் இல்லாமல் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. விமானம் இல்லை. அம்மாவுக்கு அப்போது உடம்பு முடியாமல் இருந்தது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். அக்காவால் வர முடியவில்லை. இரவில் தூக்கம் வராமல், மகன் தூங்கிய பிறகு இதை எடுத்து விளையாடியிருக்கிறாள். ஒரு தீவு. அதில் மரம் நடலாம், மீன் பிடிக்கலாம், பக்கத்து வீட்டு மிருகங்களோடு பேசலாம். வெளியே இரவு என்றால் அங்கேயும் இரவு. தீவுக்கு அவள் வைத்த பெயர் புதுகை. எனக்கு இத்தனை நாள் தெரியாது.

"தெறக்கட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சோபாவில் வந்து உட்கார்ந்தாள். மூன்று வருடமாக யாரும் போகாத தீவு. பாதையெல்லாம் களை. வீட்டுக்குள் கரப்பான்பூச்சி ஓடியது. எதிரே வந்த ஒரு பூனை, எத்தனை மாதமாயிற்று நீ வந்து என்று கணக்காகச் சொல்லி வருத்தப்பட்டது. அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு களை பிடுங்க ஆரம்பித்தாள். மழை விட்ட பிறகும் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

நான் போகாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரம் அங்கே, நான் திரும்பத் திரும்பப் போயும் ஓடாத கடிகாரம் என் ரூபியில். இரவு வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த விளையாட்டைக் குழந்தைத்தனம் என்று நான் ஒருமுறை எழுதியிருந்தேன். அந்தக் கருத்தை இன்று திரும்பப் பெறுகிறேன்.

ஐந்தாம் நாள்: புலாவ் உபின்

நல்ல வெயில்! காலையிலேயே போக்தாயை எடுத்துப் பையில் போட்டேன்.

இந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2003 இல் கொனாமி வெளியிட்டது, உருவாக்கத்துக்குத் தலைமை ஹிடியோ கொஜிமா. கேட்ரிட்ஜின் தலையில் ஒரு சின்ன உணரி துருத்திக்கொண்டிருக்கும். அது நிஜச் சூரிய வெளிச்சத்தை அளக்கும். நாயகன் ஜாங்கோ இரத்தக்காட்டேரிகளை வேட்டையாடுகிறவன். அவன் துப்பாக்கிக்கு வெயில்தான் குண்டு. வீட்டு விளக்கைக் காட்டினால் அசைந்து கொடுக்காது. நாம் எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும். ரொம்ப நேரம் வெயிலிலேயே நின்றால் துப்பாக்கி சூடேறி நின்றுவிடும், நிழலுக்கு வர வேண்டும். எட்டாம் வகுப்பு விடுமுறை முழுக்க மொட்டை மாடியில் நான் நின்றது இதற்காகத்தான். அம்மா கீழேயிருந்து "வெயில்ல நிக்காதடீ" என்று கத்துவாள், விளையாட்டு வெயிலில் நில் என்று சொல்லும்.

தனா மேராவில் இறங்கி 2 ஆம் எண் பேருந்தில் சாங்கி கிராமம். படகுத்துறையில் பம்போட் காத்திருக்கிறது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள், ஆளுக்கு 4 வெள்ளி. நாங்கள் நான்கு பேர், முன்னாலேயே மூன்று பேர். மீதி ஐந்து பேர் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து அக்கா மகனுக்கு ஜாங்கோவை அறிமுகப்படுத்தினேன். இப்படி எவ்வளவு நேரமாகும் என்று தெரியாத காத்திருப்புக்குத்தான் கையடக்கக் கருவியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

உபினில் மிதிவண்டி வாடகைக்கு எடுத்தோம். ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய தீவு, பெயரே கல்லிலிருந்து வந்ததுதான். கல்லெடுத்த குழிகளில் இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கிறது. ஒரு குழியின் ஓரத்துப் பார்வை மேடையில் வெட்டவெளி. அக்கா மகன் முதலில் ஸ்விட்சை எடுத்தான். அந்த உச்சி வெயிலில் திரையில் அவன் முகம்தான் தெரிந்தது. பின்விளக்கு உள்ள பெரும்பாலான திரைகளுக்கும் நேர் வெயிலில் அதே கதிதான். அப்புறம் என் கேம் பாயைக் கையில் கொடுத்தேன். விமானத்தில் நான் விளக்குக்குக் கெஞ்சிய அதே திரை, ரயிலில் மங்கிய அதே திரை, இங்கே அச்சடித்த படம் போல ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக நின்றது. "சித்தி! இது எப்படி?" என்றான். இந்தக் கருவி வெயிலுக்காகச் செய்தது என்றேன். மாமா இதைத் தேர்ந்தெடுத்தபோது நம்மூர் வெயிலை நினைத்திருப்பாரோ என்னவோ.

சவப்பெட்டியை வெளியே இழுத்து வரும் கட்டம் வந்தது. போக்தாயில் காட்டேரியைச் சுட்டு வீழ்த்தினால் மட்டும் போதாது. சவப்பெட்டியில் அடைத்து, குகையிலிருந்து வந்த வழியெல்லாம் இழுத்துக்கொண்டு வெளியே வந்து, சூரிய ஒளியைக் குவிக்கும் எந்திரத்தில் வைத்து எரிக்க வேண்டும். இழுக்கும்போது பெட்டி உள்ளேயிருந்து முட்டும், திமிறும். எரிக்கும்போது நிஜ வெயில் வேண்டும். பாதி எரித்துக்கொண்டிருக்கும்போது ஜொகூர் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. திரையில் எந்திரத்தின் ஒளி இறங்கியது, காட்டேரி எழுந்தான். "சித்தி, மேகம்! மேகம்!" என்று கத்தியபடி அவன் கருவியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மேடையின் மறுமுனைக்கு ஓடினான், அங்கே தரையில் ஒரு துண்டு வெயில் கிடந்தது. அத்தான் குடையை மடக்கி வழி விட்டார். அக்கா "பாத்துடா, பாத்து" என்றபடி பின்னால் போனாள். மேடையில் நின்ற இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் ஒன்றும் புரியாமல் ஒதுங்கினார்கள்.

காட்டேரி எரிந்து முடிந்தபோது எங்கள் நால்வர் முகமும் வியர்வையில் குளித்திருந்தது. எந்த விளையாட்டும் ஒரு குடும்பத்தை இப்படி ஓட வைத்து நான் பார்த்ததில்லை. கைப்பேசிகளில் ஒளி உணரி, அசைவு உணரி, இடம் காட்டும் வசதி எல்லாம் இருக்கின்றன. இருந்தும் ஒரு சின்ன உணரியை வைத்து இவ்வளவு யோசித்த விளையாட்டு அதன் பிறகு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பிடித்த விளையாட்டுகளின் பட்டியலில் அட்வான்ஸ் வார்ஸுக்கு மேலே போக்தாயை வைக்கலாமா என்று திரும்பும் படகில் யோசித்தேன். வைத்துவிட்டேன்.

ஆறாம் நாள்: மறுபடி ரோச்சோர்

அண்ணன் தயாராக வைத்திருந்தார். பழைய பேட்டரியைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். ரூபியைக் கருவியில் செருகிப் போட்டேன். பேட்டரி தீர்ந்த அறிவிப்பு வரவில்லை. சேவ் அப்படியே இருந்தது. பதினான்கு வயதில் நான் வைத்த பெயரோடு அந்தப் பெண் கடற்கரை ஊரில் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணன் திரையில் என் போக்கிமான் கூட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கடாப்ராவ ஏன்மா இன்னும் அப்படியே வச்சிருக்க?" என்றார்.

போக்கிமான் என்பவை இந்த விளையாட்டில் நாம் பிடித்து வளர்க்கும் கற்பனை மிருகங்கள். அவற்றில் சில சண்டை போட்டு மட்டும் முழு வளர்ச்சி அடையாது. கேபிள் வழியே இன்னொருவர் கருவிக்குக் கைமாறினால்தான் அடுத்த உருவம் எடுக்கும். பூச்சி பிடித்து வளர்ந்த சதோஷி தஜிரி, கேபிளுக்குள் பூச்சி ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்ததில் பிறந்த விளையாட்டு இது. கைமாறுவதுதான் இதன் உயிர். கிரானைட் குகையில் நான் பிடித்த ஆப்ரா, பதினாறாவது படியில் கடாப்ரா ஆனது. அதற்கு மேல் போக இன்னொரு கேம் பாய் வேண்டும். பள்ளியில் யாரிடமும் இல்லை. கல்லூரிக்குப் போனபோது எல்லோரும் கைப்பேசிக்கு மாறிவிட்டார்கள். எனக்கு அதன் மேல் ஒரு குற்ற உணர்வே இருந்தது, வளர வேண்டியதை வளர விடாமல் வைத்திருக்கிறோமே என்று.

இதை அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். உள்ளே சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் கேம் பாய், நீல உறையில் சஃபையர் கேட்ரிட்ஜ், சுற்றி வைத்த கேபிள். கேபிளின் ஒரு முனையை அவர் செருகினார், மறு முனையை என்னிடம் நீட்டினார். விளையாட்டுக்குள் இருக்கும் போக்கிமான் சிகிச்சை நிலையத்தின் மாடிக்கு இருவரும் ஏறினோம். அவர் ஒரு சாதாரணப் பறவையைக் கொடுத்தார், நான் கடாப்ராவைக் கொடுத்தேன். திரையில் கம்பி வழியே கடாப்ரா இருக்கும் பந்து போனது. அவர் பக்கத்துத் திரையில் வெளிச்சம் துடித்து, கடாப்ரா அலக்கசாம் ஆகி, இரண்டு கரண்டிகளோடு நின்றது.

"திருப்பி அனுப்புறேன், வாங்கிக்கோ" என்றார். வாங்கிக்கொண்டேன்.

பேட்டரிக்கு மட்டும் பணம் எடுத்துக்கொண்டார். மாமாவைப் பற்றிச் சொன்னேன். 2004 இல் இந்த மாடியில் கேம் விற்ற கடைகள் நிறைய இருந்தன, பேசியிருக்கக்கூட வாய்ப்பு உண்டு என்றார். கடைக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கீழே வந்து கோப்பி குடித்தேன்.

ஏழாம் நாள்: கிளம்புகிறேன்

அக்கா பழைய இழுப்பறையிலிருந்து ஒரு டிஎஸ் லைட் தேடி எடுத்தாள், அத்தான் திருமணத்துக்கு முன் வாங்கியது. 2006 இல் வந்த அந்தக் கருவியின் முன்பக்க விளிம்பில் கேம் பாய் அட்வான்ஸ் கேட்ரிட்ஜ் செருகும் இடம் உண்டு. கேபிள் போட முடியாது என்பதால் கைமாற்ற உதவாது, தனியாக விளையாட நன்றாகவே போதும். போக்தாயை அக்கா மகனிடம் கொடுத்தேன். செருகும் இடம் நம் வயிற்றைப் பார்த்து இருப்பதால் சூரியனுக்கு முதுகைக் காட்டக் கூடாது, முகம் காட்டி நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜூவல் வளாகத்துக்குள் போனோம். 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவி, அப்புறம் போக்கிமான் கடை. அலக்கசாம் பொம்மை தேடினேன். இல்லை.

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. யீஷூன் புளோக்குக்குக் கீழே, நிழல் முடிந்து வெயில் தொடங்கும் கோட்டில், கிழக்கே பார்த்து அவள் மகன் நிற்கிறான். கையில் டிஎஸ், நெற்றியில் சுருக்கம். பக்கத்தில் அத்தான் மேகம் வருகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.